சம்பந்தியம்மா வராத வீடு

இந்தக் கேமரன் மலைக்கு வந்த முதல் வாரமே எனக்குச் ‘சிலோன்காரி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, பெயர் மாறவில்லை. இங்கேதான் பிள்ளை பெற்றேன், பேரன் பேத்தி எடுத்தேன், கணவரை இங்கேயே எரித்தேன். ஆனாலும் ரிங்லெட் கடைத்தெருவில் என்னை அடையாளம் சொல்ல வேண்டுமென்றால் “அந்தச் சிலோன்காரிலா” என்று இந்த ஊர் ‘லா’ போட்டுச் சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், சிலோனில் இருந்தவரை ஒருவரும் என்னைச் சிலோன்காரி என்று ஒப்புக்கொண்டதில்லை. அங்கே எங்களை இந்தியாக்காரர்கள் என்றார்கள். அந்த இந்தியாவை நான் இன்றுவரை கண்ணால் பார்த்ததில்லை.

நான் பிறந்ததும் தேயிலைத் தோட்டம்தான். இதே குளிர், இதே மூட்டம், இதே செடி. அப்பா நான் சிறுமியாக இருந்தபோதே காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கொழுந்து பறித்து என்னைப் படிக்க வைத்தாள். எனக்கு அவளும் அவளுக்கு நானும் தவிர வேறு ஆளில்லை. இங்கே வாரக் கடைசியில் காரில் வந்து இறங்குகிறவர்கள் தேயிலையின் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, பார்த்தாலே மனசு குளிர்கிறது என்கிறார்கள். எனக்கு எரிகிறது. தேயிலைக்கு அடியில் வயிறு மண்ணில் பட ஒளிந்து கிடந்தவளுக்கு அதில் என்ன குளிர்ச்சி?

அதைச் சொல்ல வேண்டுமென்றால் முதலில் தப்பு என்கிற பறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தோட்டத்தில் காலையில் தப்பு அடித்துத்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். சத்தம் கேட்டதும் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அத்தனை பேரும் பெரட்டுக் களத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அவரவருக்கு அவரவர் இடம் உண்டு. கணக்கப்பிள்ளை ஆளைப் பிரித்து யார் எந்த மலைக்கு என்று அனுப்புவார். என் பாட்டன் காலத்திலிருந்து அப்படித்தான். காய்ச்சலில் கிடக்கிறவர்கள்கூடத் தப்புச் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். நேரம் தப்பி அடித்தால் ஏதோ அவசரம் என்று அர்த்தம். ஃபேக்டரியில் தீ, இல்லாவிட்டால் மண்சரிவு.

எனக்குக் கல்யாண வயது வந்த வருஷம், கீழே டவுன்களில் தமிழர்களை அடிக்கிறார்கள் என்று சில நாட்களாகவே பேச்சு. பஸ் நின்றுபோனது. எங்கள் துரை மட்டும், “இந்தத் தோட்டத்துக்கு ஒன்றும் வராது, வேலைக்குப் போங்கள்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் போனோம். துரை சொன்னால் மழைகூட நின்றுவிடும் என்று நம்புகிற ஜனம் நாங்கள்.

ஒரு நாள் சாயங்காலம், வேலை முடிந்து எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டிருந்த நேரம். தப்பு அடித்தது. என்ன ஏது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அம்மா முன்னால் போக, நான் பின்னால் ஓடினேன். களத்தில் தப்பை மாட்டிக்கொண்டு நின்றவர் எங்கள் ஆளில்லை. கீழே சிங்களக் கிராமத்தில் கடை வைத்திருந்தவர். எங்களுக்குக் கருவாடும் வெல்லமும் விற்றவர், எங்களைவிடச் சரளமாகத் தமிழ் பேசுகிறவர். அவருக்குப் பின்னால் தடியும் மண்ணெண்ணெய் டின்னுமாக ஒரு கூட்டம்.

இதைச் சொன்னால் இன்றுவரை யாரும் நம்புவதில்லை. பார்த்த பிறகும் எங்கள் ஜனம் ஓடவில்லை. போய் வரிசையில் நின்றது. தப்பு அடித்தால் நிற்க வேண்டும், அவ்வளவுதான் எங்கள் கால்களுக்குத் தெரியும். கங்காணி பழக்கத்தில் “நேரா நில்லுங்க, நேரா நில்லுங்க” என்றார். எங்களுக்குப் பின்னால் லயம் முழுக்கக் காலியாகக் கிடந்தது. ஒரு கதவைக்கூட அவர்கள் உடைக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு வீடாக நிதானமாக உள்ளே போய், வேண்டியதை எடுத்துக்கொண்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். வரிசையில் நின்ற ஆண்களை அடிக்க ஆரம்பித்தபோதுதான் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். அந்த வரிசையிலிருந்து முதலில் விலகியவள் அவள்தான். அதுவரை தன் ஆயுசில் எந்த வரிசையிலிருந்தும் விலகாதவள்.

கீழ் மலைத் தேயிலைக்குள் புகுந்து செடிக்கு அடியில் படுத்துக்கொண்டோம். அட்டை ஏறியது, பிடுங்கக்கூடக் கையை அசைக்கவில்லை. மேலே எங்கள் வீடு எரிகிற வாடை வந்தது. அம்மா அழவில்லை. என் காதருகில் சொன்னாள்:

“அடிச்சதுகூடப் பரவால்ல புள்ள. கூப்பிட்டா வந்து நிப்போம்னு தெரிஞ்சு வச்சிருக்கான் பாரு. மறுபடி கூப்பிடுவான். நாமளும் மறுபடி போய் நிப்போம். நீ இங்க இருக்காத.”

அவள் எனக்குத் தேடின வழி கல்யாணம். என் பாட்டனும் அவர் தம்பியும் ஒரே ஊரிலிருந்து கப்பல் ஏறினவர்கள். ஒருவர் சிலோனுக்கு, ஒருவர் மலாயாவுக்கு. தம்பி வழியில் எனக்கு முறையாகிற ஒரு பேரன் கேமரன் மலைத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலையில், பெண் கிடைக்காமல் இருந்தான். அம்மா யார் யார் காலையோ பிடித்துப் பேசி முடித்தாள். கொழும்பில் எத்தனை அலுவலக வாசலில் நின்றோம், யார் யாரிடம் ஏச்சு வாங்கினோம் என்பதையெல்லாம் எழுதினால் எனக்கே வயிறு எரியும். கடைசியில் விமான நிலையத்தில் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

“போய்க் காலூன்றினதும் என்னையும் கூப்பிட்டுக்க. அடுத்த தப்பு அடிக்கறதுக்கு முன்னாடி.”

அதற்காகத்தான் நான் இந்த மலைக்கு வந்தேன். வாழ்வதற்கு இல்லை. அவளைக் கூப்பிட்டுக்கொள்ள.

என் கணவர் நல்லவர். நல்லவர் என்பதைத் தவிர அவரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தன் அண்ணனுக்கு எதிரில் வாய் திறக்காத நல்லவர். அந்த அண்ணன், என் மூத்தார், தோட்டத்தை விட்டு வெளியேறித் திரிங்காப்பில் நிலம் பிடித்துக் காய்கறியும் பூவும் போட்டு முன்னுக்கு வந்தவர். சொந்த லோரி இருந்தது, கல் வீடு இருந்தது. வெளிநாட்டிலிருந்து ஒருவரை வரவழைத்துத் தங்க வைக்க வேண்டுமென்றால் இங்கே ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். மருந்தடிக்கிறவரின் பொறுப்பை யார் மதிப்பார்கள்? மூத்தார் பொறுப்பேற்றால் நடக்கும் என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். ஆக, என் அம்மாவின் உயிர் அவர் வாயிலிருந்து வர வேண்டிய ஒரு ‘சரி’யில் இருந்தது.

முதல் தடவை தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போனபோது கேட்டேன். அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூட மனுஷத்தனமாக இருந்திருக்கும்.

“அது எப்படிம்மா? சம்பந்தியம்மா மக வீட்டுல வந்து உக்காந்து சாப்பிடலாமா? நம்ம ஆளுங்க என்ன பேசுவாங்க? பொண்ணு கொடுத்த வீட்டுல கை நனைக்கமாட்டாங்கலா, உங்கம்மாவே ஒத்துக்கமாட்டாங்க.”

எங்கள் வழக்கம்தான் அது. பெண்ணைக் கொடுத்தவள் பெண் வீட்டில் கை நனைக்கக் கூடாது. எங்கள் வீட்டையும், வழக்கங்களை வைத்திருந்த இடத்தையும் கொளுத்திவிட்டார்கள். இந்த ஒரு வழக்கம் மட்டும் எரியாமல் கடல் தாண்டி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் என்ன இருந்ததோ, தெரியவில்லை.

நான் விடவில்லை. எங்கள் வீட்டில் வேண்டாம் மாமா, உங்கள் வீட்டுப் பின்னால் ஓர் அறை இருக்கிறதே, அதில் இருக்கட்டும், தோட்டத்தில் களை பிடுங்கிச் சம்பாதித்துச் சாப்பிடுவாள் என்றேன்.

“அப்ப உர மூட்டைய எங்க வைக்கிறது?” என்றார். உண்மையாகவே யோசித்துத்தான் கேட்டார்.

அடுத்த தடவை, சீனப் பெருநாளுக்குப் பூ வெட்டுகிற நேரம். அப்போது அவர் வீட்டில் வேலையாட்களுக்குச் சமைத்துப் போட என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். அடுப்படியில் நின்றுகொண்டே கேட்டேன். “பூ முடியட்டும்லா, பாக்கலாம்” என்றார். பூ முடிந்தது. பிறகு முட்டைக்கோஸ் விலை இறங்கிவிட்டது என்றார். பிறகு லோரி கவிழ்ந்தது. பிறகு, “அங்கதான் இப்ப எல்லாம் அடங்கிருச்சாமே” என்றார். அடங்கித்தான் இருந்தது. அடுப்பும் அடங்கித்தான் இருக்கும், அடுத்த வேளை மூட்டுகிறவரை. இதை எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உடைத்தேன்.

இங்கே எங்கள் லைன் வீட்டுப் பெண்களிடமும் சொல்லிப் பார்த்தேன். உச்சுக் கொட்டினார்கள். ஒருத்தி, நல்ல மாதிரிதான், என் பிள்ளைப்பேற்றுக்குக்கூட வந்து நின்றவள், “சும்மாவா அடிப்பான்? நீங்களும் ஏதாச்சும் செஞ்சிருப்பீங்கலா” என்றாள். நாங்கள் செய்தது வரிசையில் நின்றதுதான். அதைச் சொன்னால் சிரித்தாள். அன்றோடு சொல்வதை நிறுத்திவிட்டேன்.

அம்மா அங்கே எரிந்த லயத்துக்குத் தகரம் போட்டுக்கொண்டு இருந்தாள். யாராவது எழுதிக் கொடுக்க, கடிதம் போடுவாள். எப்போது கூப்பிடுகிறாய் என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. இங்கே குளிர் எப்படி, தண்ணீர் தூரமா, தேயிலை அங்கேயும் பெண்கள்தான் எடுக்கிறார்களா என்று கேட்பாள். வரப்போகிறவள் விசாரிக்கிற மாதிரியே விசாரிப்பாள். இங்கே கொழுந்தைக் கத்தரியால் வெட்டுகிறார்கள் என்று எழுதினேன். வந்தால் பழகிக்கொள்வேன் என்று பதில் வந்தது.

அடுத்த தப்பு அடித்தது. இந்தத் தடவை தோட்டத்தில் இல்லை, நாடு முழுக்க. அதற்குப் பிறகுதான் யுத்தம் என்றே பேர் வந்தது. ரேடியோவில் கேட்ட அன்று நான் திரிங்காப்புக்கு லோரி பிடித்துப் போனேன். மூத்தார் தராசுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். “இப்ப எப்படிம்மா கூப்பிடுறது? இப்பதான் அங்க கலாட்டாவாச்சே” என்றார். கலாட்டா இல்லாதபோது தேவையில்லை, கலாட்டா வந்தால் முடியாது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதில் கெட்ட எண்ணம் துளிகூட இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

பல மாதம் கழித்து, எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் தமிழ்நாட்டுக்குத் தப்பிப்போய் அங்கிருந்து சேதி அனுப்பினார். கலவரம் வெடித்த அன்றைக்கு அம்மா சாமான் வாங்க டவுனுக்கு இறங்கியிருக்கிறாள். கடைத்தெரு முழுக்க எரிந்துவிட்டது. அவள் திரும்பி வரவில்லை. யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. எரிந்ததில் யார் யார் என்று பிரித்துப் பார்க்க யாருக்கு மனமிருந்தது? உடம்பு இல்லை, நாள் இல்லை. திதி கொடுக்க வேண்டுமென்றால் என்றைக்குக் கொடுப்பது என்று பிரிஞ்சாங் கோயில் ஐயரைக் கேட்டேன். ஆடி அமாவாசைக்குக் கொடுத்துவிடுங்கள், எல்லோருக்கும் சேரும் என்றார். என் அம்மாவை எல்லோருடனும் சேர்த்துவிட்டார்கள். அங்கேயும் வரிசைதான்.

மூத்தார் துக்கம் விசாரிக்க வந்தார். ஒரு கூடை நிறைய முதல் தரத் தக்காளி கொண்டுவந்திருந்தார். “விதிலா” என்றார். அந்தத் தக்காளியை நான் சமைக்கவில்லை. அழுக விட்டுத் தூக்கிப் போட்டேன்.  

வருஷங்கள் போயின. யுத்தம் பெரிதாகி, அங்கே ஜனம் சாகிற படங்கள் டிவியில் வர ஆரம்பித்ததும் இங்கே எல்லோருக்கும் இரக்கம் பிறந்துவிட்டது. கோயிலில் துணிமணி சேர்த்தார்கள். முன்னால் நின்றது மூத்தார். லோரி கொடுத்தார், அரிசி கொடுத்தார், மாலை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் முதன்முதலில் அவர் வாயால் கேட்டேன். “சிலோன் ஜனங்களுக்கு நான் அப்பவே செஞ்சவன். என் தம்பி பொண்டாட்டிய நான்தான் அங்கேர்ந்து மீட்டுக்கிட்டு வந்தேன்.” சரி, கல்யாணத்துக்குச் செலவு செய்தது அவர்தான், தொலையட்டும் என்று விட்டேன். அடுத்த தடவை கேட்டபோது, அவர் மீட்டு வந்தது இரண்டு பேராகிவிட்டது, நானும் அம்மாவும். முதலில் பெருமைக்குச் சொன்னது, சொல்லிச் சொல்லிப் பழகி, அவர் பிள்ளைகளுக்குக் குடும்பச் சரித்திரமாகிவிட்டது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய எண்பதாவது பிறந்தநாள். பிரிஞ்சாங்கில் ஹோட்டல் ஹாலில் விருந்து. காய்கறி மொத்த வியாபாரச் சீன முதலாளிகள் முதல் கோயில் கமிட்டி வரை எல்லோரும் வந்திருந்தார்கள். அவருக்கு இப்போது மறதி. சக்கர நாற்காலியில் ஜிப்பா போட்டு உட்கார வைத்திருந்தார்கள். யாரோ தன் தலைமுடியைச் சரிசெய்ததற்குக்கூடக் கையெடுத்துக் கும்பிட்டார். அவருடைய மூத்த மகன் மைக்கைப் பிடித்தான். தமிழில் ஒரு தடவை, முதலாளிகளுக்காக மலாயில் ஒரு தடவை.

“எங்கப்பா செஞ்சதுலேயே பெரிய புண்ணியம் என்னன்னா, சிலோன்ல கலவரம் நடந்தப்ப எங்க சித்தியையும் அவங்க அம்மாவையும் காப்பாத்திக் கூட்டிட்டு வந்து, எங்க வீட்டு அறையிலேயே வச்சுப் பாத்துக்கிட்டாரு. சித்தி இங்கதான் இருக்காங்க.”

கை தட்டினார்கள். என் மேஜையில் இருந்தவர்கள் என் முதுகைத் தட்டினார்கள். முதலாளிகள் திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். என் மகள், விஷயம் தெரிந்தவள், “அம்மா, வேணாம்மா” என்று என் முந்தானையைப் பிடித்தாள். நான் எழுந்துவிட்டேன்.

மைக்கிடம் போகவில்லை. நேராக அவரிடம் போனேன். அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும் என்று போனேன். எங்கம்மா வரவே இல்லை மாமா, நீங்கள் வர விடவில்லை, உங்கள் உர மூட்டை அவளைவிட உசத்தியாகிவிட்டது, இதை இத்தனை பேருக்கு முன்னால் உங்கள் வாயால் சொல்லுங்கள். இத்தனை வருஷம் பாத்திரத்தோடும் சுவரோடும் பேசிப் பேசி மனப்பாடமான வாசகம்.

அவர் என்னைப் பார்த்ததும் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை சில்லென்று இருந்தது.

“வாம்மா. உங்கம்மா எங்க? சாப்பிட வரலையா?”

நான் கையை உருவப் பார்த்தேன், அவர் விடவில்லை.

“உங்கம்மா ரொட்டி தட்டுவாங்களே” என்றார். “பூ வெட்டுற நேரம். அப்படியே கையிலயே தட்டி, தேங்காச் சம்பல் வச்சு. வேலையாளுங்க அடிச்சுக்குவானுங்கலா. நான் சொல்லுவேன், சம்பந்தியம்மா, முதல்ல நீங்க சாப்பிடுங்க, அப்புறம் அவனுங்களுக்குப் போடுங்கன்னு.”

அந்த ரொட்டியைத் தட்டியது நான். அந்த அடுப்படியில் நின்று, தட்டிக்கொண்டே, அவரிடம் அம்மாவுக்காகக் கெஞ்சியவள் நான். அவர் தலைக்குள் என்னை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அவளை நிற்க வைத்திருக்கிறார்.

“நீ பக்கத்துலயே நிப்ப” என்றார். “சின்னப் புள்ள மாதிரி அவங்க சேலையப் புடிச்சுக்கிட்டு.”

என்னால் அவரை மன்னிக்க முடியாது. அப்போதும் முடியவில்லை, இதை எழுதும்போதும் முடியவில்லை. இந்த உலகத்தில் என் அம்மா கடல் தாண்டி வந்து சேர்ந்த ஒரே இடம், அவளை வர விடாத இந்தக் கிழவரின் கெட்டுப்போன ஞாபகம்தான். அங்கே அவள் உயிரோடு இருக்கிறாள், ரொட்டி தட்டுகிறாள், நான் பக்கத்தில் நிற்கிறேன். எனக்கே அப்படியொரு ஞாபகம் இல்லை.

நான் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தேன். ஹாலில் இருந்தவர்கள் நன்றி சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். யாரோ போட்டோகூட எடுத்தார்கள்.

“அம்மா சாப்பிட்டாங்களா மாமா?” என்று கேட்டேன்.

“சாப்பிட்டாங்களே. வயிறாரச் சாப்பிட்டாங்க. மொதல்ல கூச்சப்பட்டாங்க, மக வீடாச்சேன்னு. நான்தான் உக்கார வச்சுப் போட்டேன்.”

பொய். ஒவ்வொரு சொல்லும் பொய். அதற்குள் மகன் வந்து, அப்பா களைத்துப்போய்விட்டார், வீட்டுக்கு அழைத்துப் போகிறோம் சித்தி என்று நாற்காலியைத் திருப்பினான். நான் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டேன்.

“கொஞ்சம் இருப்பா” என்றேன். “மாமா இன்னும் சொல்லி முடிக்கல.”